ஏழாம் நம்பர் குளத்துக் காவல்காரர்

2023 மார்ச் 31. ஓய்வு. கடைசி மாதச் சம்பளம், பிடித்தம் போக: 1,387 ரிங்கிட்.
2023 ஏப்ரல் 17. குளத்துக் காவல் வேலை. மாதம்: 900 ரிங்கிட்.
2023 அக்டோபர் 9. சக்கர நாற்காலி, பழையது: 180 ரிங்கிட்.
2024 ஜூன் 13. ராபியா கயிறு, ஒரு சுருள்: 3 ரிங்கிட் 50 சென்.

நாகப்பன் பிறந்தது கோலா தெர்லாவுக்கு மேலே இருக்கும் ஒரு தேயிலைத் தோட்டத்தில், நாலாம் லைனின் கடைசி வீட்டில். அம்மாக்கண்ணுவைக் கட்டிக்கொண்டு வந்ததும் அதே வீட்டுக்குத்தான். அறுபது வருஷம் அங்கே வாழ்ந்தும் வீடு அவருடையது ஆகவில்லை. தோட்டத்து வீடு தோட்டத்தில் வேலை செய்கிறவனுக்கு. வேலை முடிந்தால் மூன்று மாதத்தில் சாவியை ஆபீசில் வைத்துவிட்டுப் போக வேண்டும். அந்தச் சட்டம் அவருடைய அப்பன் காலத்திலும் இருந்தது. அப்போது யாரும் ஓய்வு பெறும் வயதுவரை உயிரோடு இருந்ததில்லை என்பதால் அதிகம் உறுத்தவில்லை.

போக இடமும் இல்லை. ஒரே மகள் ரூபினி ரவாங்கில் நாலாவது மாடியில் குடியிருந்தாள். லிப்ட் கிடையாது. அம்மாக்கண்ணுவுக்கு இனிப்பு நீர், சர்க்கரை வியாதி. இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தாயிற்று. "அத்தைய ஒரு தடவ மேல தூக்கிட்டா அப்புறம் பொணமாத்தான் கீழ எறக்கணும்" என்று மருமகன் சொல்லியிருந்தான். சிரித்துக்கொண்டு சொன்னான். ஆனால் சொன்னதில் பிழை இல்லை.

இந்த நேரத்தில்தான் ஏழாம் நம்பர் குளத்துக்கு ஆள் தேவைப்பட்டது. வெள்ளைக்காரன் காலத்தில் பேக்டரிக்குத் தண்ணீர் தேக்க வெட்டிய குளம் அது. பம்பு வந்ததும் அதைக் கைவிட்டார்கள். சேறு சேர்ந்து, கோரை வளர்ந்து, பாதி குளமாகவும் பாதி சதுப்பாகவும் கிடந்தது. பன்றி வேட்டைக்காரனைத் தவிர யாரும் எட்டிப் பார்க்காத அந்த இடத்தைப் பாதுகாக்கப்பட்ட நிலம் என்று அறிவித்தார்கள். பலகை நடைபாதை போட்டார்கள். பறவைக்குத் தெரியாமல் உட்கார்ந்து பார்க்க ஜன்னல் வைத்த மரக் கூண்டு ஒன்று கட்டினார்கள். வாசலில் பொண்டோக் என்கிற சிறு குடில், அதற்குள் ஒரு நாற்காலி, சீட்டுப் புத்தகம். ஆளுக்கு இருபது ரிங்கிட் நுழைவு.

அந்த நாற்காலியில் நாகப்பன் உட்கார்ந்தார். காவல் வேலையும் தோட்டத்து வேலைதான் என்று ஆபீசில் ஒப்புக்கொண்டார்கள். வருஷா வருஷம் புதுப்பிக்கும் ஒப்பந்தம். அது இருக்கும்வரை வீடு இருக்கும்.

பக்கத்து வீட்டுச் சிவசாமிக்கு இது பொறுக்கவில்லை. அவருக்கும் ஓய்வு நெருங்கிக்கொண்டிருந்தது.

"என்னா மச்சான், குருவி மேய்க்கப் போறியாமே? பாத்துலா, சாயங்காலம் பட்டியில அடைக்கறப்ப ஒண்ணு கொறஞ்சாலும் சம்பளத்துல புடிச்சிருவானுங்க."

"கொறஞ்சா உன்னைய ஒண்ணா சேத்து எண்ணிக் குடுத்துர்றேன். எப்பிடியும் நீ கத்திக்கிட்டுத்தான இருக்க."

லைனில் சிரித்தார்கள். சிவசாமியும் சிரித்தார். ஆனால் அன்றிலிருந்து, பல் விளக்கும்போதுகூட, அவர் கண் அந்தக் கடைசி வீட்டின் கதவிலேயே இருந்தது.

ஒரு வருஷம் குறையில்லாமல் போனது. நாகப்பனுக்குப் பறவைகளைப் பற்றி ஒன்றும் தெரியாது. தெரிந்துகொள்ளவும் அவர் முயலவில்லை. வெள்ளையாக நிற்பது கொக்கு, கறுப்பாக ஓடுவது காட்டுக்கோழி, மற்றவை குருவி. அவர் வேலை சீட்டுக் கிழிப்பது, பிளாஸ்டிக் பொறுக்குவது, சத்தம் போடுகிறவர்களிடம் உதட்டில் விரல் வைத்துக் காட்டுவது. அதைச் சரியாகச் செய்தார்.

2024 மே தொடக்கத்தில் தண்ணீரில் இரண்டு புதிய குருவிகள் வந்தன. உருண்டையாக, வாத்துக்குஞ்சு அளவில், கன்னம் செம்பட்டை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே முங்கி, வேறெங்கோ எழும்பின. முக்குளிப்பான் என்று புனிதா பெயர் சொன்னாள். பெட்டாலிங் ஜெயாவில் பேங்கில் வேலை செய்கிறவள். பறவை பார்க்கும் சங்கம் ஒன்றுக்குத் தலைவி. முழங்கை நீள லென்ஸோடு மாதம் இரண்டு முறை வருவாள். நாகப்பனை அங்கிள் என்பாள். பிஸ்கட் பாக்கெட் கொடுப்பாள். அவளை நல்ல பிள்ளை என்றே அவர் நினைத்திருந்தார்.

ஜூன் இரண்டாம் தேதி அவள் மரக் கூண்டிலிருந்து ஓடிவந்தாள். முகம் சிவந்திருந்தது. தோட்டத்துத் துணை மேனேஜர் சுகுமாரன் பொண்டோக் வாசலில் நின்றுகொண்டிருந்தார். இருவரும் நாகப்பன் முன்னாலேயே ஆங்கிலத்தில் பேசினார்கள். அவள் கோரைப் பக்கம் கை காட்டினாள். பிறகு நாகப்பனைப் பார்த்துச் சிரித்தாள். இவரும் சிரித்தார்.

அவள் சொன்னது இதுதான்: முக்குளிப்பான் கூடு கட்டி முட்டையிட்டிருக்கிறது; இந்த மலையில் இதற்கு முன் யாரும் கண்டதில்லை; காவல்காரரிடம் மட்டும் சொல்லிவிட வேண்டாம்; இந்த ஆட்கள் முட்டையை எடுத்துத் தின்பார்கள், இல்லாவிட்டால் விற்பார்கள். சுகுமாரன் தலையாட்டினார். இது நாகப்பனுக்குக் காலம் கடந்த பிறகுதான் தெரியவந்தது.

பத்தாம் தேதி திங்கட்கிழமை சுகுமாரன் மோட்டார் சைக்கிளில் வந்தார். முப்பத்து நாலு வயது. தமிழர்தான், ஈப்போ டவுனில் வளர்ந்தவர். அப்பன் வயதுக்காரரை நீ என்று கூப்பிடுவதைத் தோட்டத்துக்கு வந்த முதல் வாரத்திலேயே பழகிக்கொண்டவர்.

"நாகப்பா, சனிக்கிழம பெரிய ஆளுங்க வர்றாங்க. கோலாலம்பூர்லேருந்து. பணம் குடுக்கறவங்க. இந்த எடம் புடிச்சுப் போச்சுன்னா உன் வேல நெரந்தரம். வருஷா வருஷம் என் பின்னால அலைய வேணாம்."

"வீடுங்க, துரை?"

"வேல இருந்தா வீடு இருக்காதா? ஆனா சும்மா இல்ல. குளம் பளிச்சுன்னு இருக்கணும். ஒரு குத்தம் சொல்லக் கூடாது."

"மருந்து அடிக்கக் கூடாதுன்னு போர்டுல போட்டிருக்குங்களே."

"மருந்து வேணாம். கையால பாரு."

"கோரைய எதுவரைக்கும்…"

சுகுமாரனின் கைபேசி அடித்தது. "நாப்பது வருஷமா என்னா வேல செஞ்ச? இன்ஸ்பெக்‌ஷனுக்கு எப்பிடி வைக்கணும்னு உனக்கு நான் சொல்லிக் குடுக்கணுமா?" என்று சொல்லிவிட்டு, கைபேசியைக் காதில் வைத்துக்கொண்டே மோட்டாரைக் கிளப்பினார்.

சொல்லிக் கொடுக்கத் தேவையில்லைதான். தோட்டத்தில் இன்ஸ்பெக்‌ஷன் என்றால் எப்படி வைப்பது என்பது ஒவ்வொருவர் எலும்பிலும் இருந்தது. பெரிய துரை வருகிற நாளில் காட்டில் தேயிலை மட்டும்தான் தெரிய வேண்டும். வேறு பச்சை எதுவும் கண்ணில் படக்கூடாது. கான் என்கிற வடிகாலில் ஒரு சருகு மிதந்தால் அரை நாள் கூலி வெட்டு. நாகப்பனுக்குப் பதினெட்டு வயதிருக்கும்போது, ஒரு துரை கானுக்குள் வெள்ளைக் கைக்குட்டையைப் போட்டு இழுத்துப் பார்த்துவிட்டு, அழுக்கான அந்தக் கைக்குட்டையை அவர் வாயில் திணித்துக் கங்காணி முன்னால் நிற்க வைத்தார். சுத்தம் அவருக்குப் பழக்கத்தால் வந்ததல்ல. பயத்தால் வந்தது.

செவ்வாய்க்கிழமை இடுப்பளவு தண்ணீரில் இறங்கினார். ஜூன் மாதமானாலும் அந்த மலைத் தண்ணீர் தொடையைக் கடித்தது. கோரையைக் கவாத்து வெட்டுகிற மாதிரி ஒரே மட்டமாக வெட்டினார். மரக் கூண்டின் ஜன்னலுக்கு நேராக அகலமாக வழி திறந்தார்; பணம் குடுக்கிறவர்களுக்கு நன்றாகத் தெரிய வேண்டுமே. வெட்டியதை வாரிக் கரையில் குவித்தார். முக்குளிப்பான்கள் இரண்டும் அவரைச் சுற்றிச் சுற்றி முங்கி எழும்பிக் கீச்சிட்டன. "போங்கடா, ஒங்க வீட்டத்தான் கூட்டிக்கிட்டிருக்கேன்" என்றார்.

வியாழக்கிழமை கடைசி மூலை. அங்கே தண்ணீரில் ஒரு குப்பைக் குவியல் மிதந்தது. அழுகிய கோரை, பாசி, கறுத்த இலை. இவ்வளவு சுத்தம் செய்த குளத்தில் அது ஒன்றுதான் அசிங்கமாக இருந்தது. வாரியை உள்ளே கொடுத்து இழுத்தார். கனமாக இருந்தது. இரண்டு கையாலும் அள்ளிக் கரைக்கு எறிந்தார். எறியும்போது உள்ளங்கையில் ஒரு சூடு பட்டது. அழுகினது சூடாகத்தான் இருக்கும் என்று எண்ணினார்.

கரையில் விழுந்த குவியல் பிளந்து ஒரு முட்டை உருண்டு வந்தது.

முக்குளிப்பான் கூட்டை விட்டு இறங்கும்போது முட்டையை அழுகல் போட்டு மூடிவிட்டுத்தான் இறங்கும். பார்ப்பவன் கண்ணுக்குக் குப்பையாகத் தெரிய வேண்டும் என்பதற்காகவே அது அப்படிச் செய்கிறது. நாகப்பன் கண்ணுக்கும் குப்பையாகத்தான் தெரிந்தது. ஐந்து முட்டையில் இரண்டு உடைந்திருந்தன. ஒன்றில் குஞ்சுக்கு அலகு வந்துவிட்டிருந்தது. அது இரண்டு முறை வாயைத் திறந்தது. பிறகு திறக்கவில்லை.

மத்தியானச் சோற்றுக்கு வீட்டுக்கு வந்தவர் சோற்றைத் தொடவில்லை. நடந்ததை அம்மாக்கண்ணு கேட்டு வாங்கிவிட்டாள்.

"துரைகிட்ட போயிச் சொல்லிருங்க."

"சொன்னா வேல போயிரும்."

"சொல்லலன்னாலும் போகும். சொல்லிட்டுப் போனா திருடன்னு பேரு வராது."

"மூணு முட்ட நல்லாருக்கு புள்ள. திரும்ப வச்சுட்டா அது வந்து உக்காந்துக்கும்."

"ஆமா, நீங்க போட்ட முட்ட பாருங்க, அது வந்து அடகாக்க."

அவர் லைன் கடையில் ராபியா என்கிற பிளாஸ்டிக் கயிறு ஒரு சுருள் வாங்கினார். கரையில் கிடந்த கோரையை அள்ளி, விறகுக் கட்டு கட்டுவது போலச் சுற்றிக் கட்டினார். நாலு மூலையிலும் முடிச்சுப் போட்டார். தண்ணீரில் ஆடாதபடி ஒரு குச்சி அடித்து அதில் இழுத்துக் கட்டினார். நடுவில் பள்ளம் செய்து மூன்று முட்டையையும் வைத்து, மேலே ஈரப் பாசி போட்டார். வேலை அழகாக இருந்தது. நீலக் கயிறு.

குருவிகள் அதன் பக்கம் வரவே இல்லை. வெள்ளிக்கிழமை காலையில் ஒரு முட்டைதான் மிச்சம் இருந்தது. காக்காய் வழி கண்டுகொண்டது. சுற்றிலும் கோரை இருந்தால் அதற்குத் தெரிந்திருக்காது.

சனிக்கிழமை பதினாறு பேர் வந்தார்கள். சுகுமாரன் கியா பார்மிலிருந்து ஸ்ட்ராபெரி வாங்கிவந்து தட்டில் அடுக்கி வைத்திருந்தார். நாகப்பன் மடிப்புக் கலையாத சட்டை போட்டு, தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றார். விருந்தாளிகளை முன்னால் அழைத்துக்கொண்டு போன புனிதா நடைபாதையின் வளைவில் நின்றுவிட்டாள்.

"யாரு இத வெட்டுனது?" என்றாள்.

சுகுமாரன் குளத்தைப் பார்த்தார். அவருக்கு அப்போதுதான் கூடு நினைவுக்கு வந்தது. முகத்தில் அது ஒரு கணம் ஓடி மறைந்தது. நாகப்பன் அதைப் பார்த்தார்.

"நாகப்பா! இங்க வா. யாரு வெட்டச் சொன்னா?"

"துரை, நீங்கதான… பளிச்சுன்னு…"

"நான் குப்பைய பொறுக்கச் சொன்னேன்! கோரைய மொட்டையடிக்கச் சொன்னேனா? எழுதிக் குடுத்தேனா?"

அதற்குள் ஒருவர் லென்ஸ் வழியாக நீலக் கயிற்றைக் கண்டுவிட்டார். எல்லா லென்ஸும் அந்தப் பக்கம் திரும்பின. கூட்டின் மேல் ஒரு ஓட்டை முட்டை இருந்தது.

"கயிறு போட்டுக் கட்டியிருக்கான்" என்றாள் புனிதா. அங்கிள் என்ற சொல் போய்விட்டது. "போட்டோக்காரங்களுக்குக் காட்டிக் காசு வாங்கறதுக்கா? மிச்ச முட்ட எங்க? எவ்ளோக்கு வித்தீங்க?"

"விக்கலம்மா. தெரியாம அள்ளிட்டேன். அது கூடுன்னு எனக்குத் தெரியாது. யாரும் சொல்லலம்மா."

"சொல்லியிருந்தா மொத நாளே வித்திருப்பீங்க. அதான் சொல்லல."

கூட்டைத் தன்னிடம் வேண்டுமென்றே மறைத்தார்கள் என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. தாங்கள் மறைத்ததால்தான் இது நடந்தது என்ற எண்ணம் அவர்களில் ஒருவருக்குக்கூட வந்ததாகத் தெரியவில்லை. பாதுகாக்கப்பட்ட நிலம் என்ற பலகைக்குக் கீழே அவரை நிறுத்திப் படம் எடுத்தார்கள். "தொப்பியப் போடுங்க" என்று ஒருவர் சொன்னார். போட்டார். அன்று மாலைக்குள் அந்தப் படம் ரவாங்குக்குப் போய்ச் சேர்ந்தது. மருமகன் அதை லைன் ஆட்கள் எல்லாருக்கும் திருப்பி அனுப்பினான்.

வேலை அன்றே போனது. ஜூலை முதல் தேதி, வீட்டைக் காலி செய்யச் சொல்லி முதல் கடிதம். நாகப்பன் தானா ராத்தாவுக்குப் போய் மனு எழுதுகிறவரைப் பிடித்து, மனைவிக்குக் கால் இல்லை, மாடி ஏற முடியாது, தவறு தெரியாமல் நடந்தது, மன்னித்து வீட்டை விட்டுத்தர வேண்டும் என்று மலாயில் எழுதிக் கொடுத்தார். மனு மேலே போயிருக்கிறது என்றார்கள். பொண்டோக் நாற்காலியில் சிவசாமி உட்கார்ந்தார்.

உட்கார்ந்த மறுவாரம் அவர் அளவு நாடாவோடு வந்து நின்றார்.

"கோச்சுக்காத மச்சான். என் மவனுக்குக் கல்யாணம் வருது. உன் அடுப்படி எவ்ளோ அகலம்னு பாத்துக்கறேன். நீ எப்பிடியும் போறவந்தான."

"அகலம் இருக்கட்டும்ணே" என்றாள் அம்மாக்கண்ணு சக்கர நாற்காலியிலிருந்து. "நீளம் பாத்துக்குங்க. ஒங்களக் கெடத்துறப்ப கால் இடிக்கப் போவுது."

சிவசாமி அளந்துவிட்டுத்தான் போனார்.

கோரை மளமளவென்று வளர்ந்தது. ஆகஸ்டில் அதே ஜோடி எதிர்க் கரையில் மறுபடி கூடு கட்டியது. மாதக் கடைசியில் நாலு குஞ்சுகள், வரிவரியாகக் கோடு போட்டவை, தாயின் முதுகில் ஏறிக்கொண்டு குளத்தைச் சுற்றின. புனிதாவின் படம் பத்திரிகையில் வந்தது. கோலாலம்பூர்க்காரர்கள் பணம் தர ஒப்புக்கொண்டார்கள். சுகுமாரனுக்குப் பாராட்டு.

செய்தி கேட்டதும் நாகப்பன் செருப்பை மாட்டிக்கொண்டு ஆபீசுக்கு ஓடினார்.

"துரை, குருவி மறுபடி குஞ்சு பொரிச்சிருச்சுங்களே. பணமும் வந்துருச்சுன்னு சொன்னாங்க. அப்ப எங்க வீடு…"

"அதுக்கும் இதுக்கும் என்னா சம்பந்தம்?" சுகுமாரன் தலையைத் தூக்கவில்லை. "சூரட் வரும். வந்தா தெரிஞ்சுக்கலாம்."

சூரட் என்றால் கடிதம். அது நல்ல கடிதமாகவும் இருக்கலாம் அல்லவா என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தார்.

"எனக்கு அந்தக் குருவியப் பாக்கணும்" என்றாள் அம்மாக்கண்ணு. "நம்ம வீட்டையே தூக்கி முதுகுல வச்சிக்கிட்டுப் போவுதே, அது மூஞ்சி எப்பிடித்தான் இருக்குன்னு ஒரு தடவ பாத்துரணும்."

செப்டம்பர் எட்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை, சக்கர நாற்காலியில் வைத்து, தேயிலைச் சரிவு வழியாகக் குளத்துக்குத் தள்ளிக்கொண்டு போனார். இறக்கத்தில் நாற்காலி அவரை இழுத்தது.

சிவசாமி வாசலின் குறுக்குக் கம்பை இறக்கினார். "டிக்கட் மச்சான். ரெண்டு பேரு, நாப்பது."

"வெளையாடாத சிவசாமி."

"நான் எங்க வெளையாடறேன்? உன்ன மாரி நானும் வேலைய விட்டுட்டு நிக்கவா? ரூல்ஸ்லா."

நாகப்பன் மடியிலிருந்து நாலு பத்து ரிங்கிட் நோட்டுகளை எடுத்தார். சிவசாமி எச்சில் தொட்டு எண்ணி, இரண்டு சீட்டுக் கிழித்துக் கொடுத்தார்.

நடைபாதையில் படம் எடுக்க வந்தவர்கள் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். ஒருவன் நாகப்பனை அடையாளம் கண்டுகொண்டு மற்றவனை முழங்கையால் இடித்தான். அவர் நாற்காலியைக் கம்பிக் கைப்பிடி ஓரம் நிறுத்தினார். குளத்தின் நடுவில் தாய்ப் பறவை மிதந்தது. அதன் இறக்கைக்குள்ளிருந்து மூன்று தலைகள் எட்டிப் பார்த்தன. நாலாவது தண்ணீரில் பின்னால் நீந்தியது.

"எங்கங்க?"

"அதோ, நடுவுல. முதுகுல குஞ்சு இருக்கு பாரு."

அம்மாக்கண்ணுவுக்கு அந்த வருஷம் கண்ணும் மங்கிப்போயிருந்தது. அவள் தண்ணீரில் வெயில் அடிக்கிற பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பறவை அந்தப் பக்கம் இல்லை.

"தெரியுது, தெரியுது" என்றாள். "இத்துனூண்டு இருக்கு. இதுக்கா இந்தப் பாடு?"

பின்னால் நின்றவன், "சத்தம் போடாதீங்க, பறந்துரும்" என்றான். நாகப்பன் உதட்டில் விரல் வைத்து மனைவிக்குக் காட்டினார். பிறகு நாற்காலியைத் திருப்பினார்.

ஏற்றத்தில் மூன்று இடத்தில் நின்று மூச்சு வாங்கினார். நாலாவது இடத்தில் அவரால் தள்ள முடியவில்லை. காய்கறி லோரி ஒன்று அவர்களைக் கடந்து போனது, நிற்கவில்லை. அம்மாக்கண்ணு ஒற்றைக் காலைத் தரையில் ஊன்றி, தன்னால் முடிந்தவரை உந்தினாள்.

வீட்டுக்கு வந்ததும், முதல் கடிதம் வந்தபோது கட்டி வைத்த துணி மூட்டைகளை அவிழ்க்கலாமா என்று அவள் கேட்டாள். மழையில் சேலையெல்லாம் பூசணம் பிடிக்கிறது என்றாள். கடிதம் வரட்டும் என்றார் நாகப்பன். திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் வாசல்படியில் உட்கார்ந்து ஆபீஸ் பக்கத்துப் பாதையையே பார்த்துக்கொண்டிருந்தார். மனுவைத் தள்ளுபடி செய்து, பதினாலு நாளில் வீட்டைக் காலி செய்யச் சொன்ன கடைசிக் கடிதம் வந்து சேர்ந்தது 2024 செப்டம்பர் 12, வியாழக்கிழமை.